ஆடிப்பெருக்குக்கு ஒன்று, தைப்பூசத்துக்கு ஒன்று: மகளுக்கு எச்.பி.வி. ஊசி போட நினைக்கும் அம்மாக்களுக்கு

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றுப் பாசன ஊர்களில் 26 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ஐஸ் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினால் பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளியும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் வாசலில் வந்து நிற்கிறவர்கள் குறையவில்லை. இந்த இரண்டு மூன்று வருடமாக அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சிஸ்டர், பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஏதோ கேன்சர் ஊசி வந்திருக்காமே, போடலாமா? எங்க போடுறது?"

அவர்கள் கேட்பது கர்ப்பப்பை வாயில் புற்று வராமல் தடுக்கிற எச்.பி.வி. ஊசியைத்தான். போடலாம். போட வேண்டும். எப்போது, எங்கே, எத்தனை ஊசி, போட்ட அன்று என்ன செய்வது என்று எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். அதற்கு முன்னால் என் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை.

அப்பாவுடன் பிறந்தவர். நடவுக்குப் போகிறவர். அவர் வரிசை பிடித்து நட்டால் கயிறு கட்டி நட்டது போல இருக்கும். தீட்டு நின்று நாலு வருடம் கழித்து அவருக்கு மறுபடி உதிரம் பட ஆரம்பித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் பாயை விரித்துப் போட்டாலும் உட்காரமாட்டார். "இதுதான் குளுகுளுன்னு இருக்கு" என்று வெறும் சிமென்ட் தரையில் உட்காருவார். மார்கழி மாதத்திலும் அப்படியே உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பாயில் கறை பட்டுவிடும் என்று பயந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் இருந்தார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்ட என்னிடம் அத்தைக்குப் போட ஒரு ஊசி இல்லை. எச்.பி.வி. தடுப்பூசி உலகத்திலேயே முதன்முதலில் அனுமதி பெற்றது 2006-இல்தான். அதற்குள் அத்தை போய்விட்டார். இன்றைக்கு அந்த ஊசி இருக்கிறது. இருக்கும்போது போடாமல் விடுவதை என்னால் தாங்க முடியவில்லை.

இது என்ன கிருமி

எச்.பி.வி. என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். 200 வகைக்கு மேல் இருக்கிறது. சில வகைகள் கையிலும் காலிலும் சாதாரண மருவை உண்டாக்குவதோடு சரி. 6, 11 என்ற இரண்டு வகைகள் பிறப்புறுப்பில் மருவை உண்டாக்கும். சுமார் 14 வகைகள் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை. அவற்றில் 16, 18 என்ற இரண்டும்தான் மோசம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த 100 பேரில் 70 பேருக்கு இந்த இரண்டுதான் காரணம். இதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹௌசன் என்ற ஜெர்மன் விஞ்ஞானிக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் ஒட்டும். ஆணுறை ஓரளவு தடுக்கும், முழுக்கத் தடுக்காது. ஒட்டியது தெரியாது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே கிருமியை விரட்டிவிடும். மிச்சப் பேருக்குத் தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் மெல்ல மெல்லச் செல்களைக் கெடுத்துப் புற்றாக மாற 15, 20 வருடம் ஆகும். 22 வயதில் கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு 45 வயதில் தெரிய வருவது இப்படித்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "அது ஒரு மாதிரியான பொம்பளைங்களுக்கு வர்ற நோயாச்சே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. என் அத்தை ஒருவருக்கு வாக்கப்பட்டு அவரோடேயே வாழ்ந்தவர். இல்லற வாழ்க்கையில் இருக்கிற ஆண், பெண் பெரும்பாலோருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தக் கிருமி ஒட்டத்தான் செய்கிறது. எப்போது ஒட்டியது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிமென்ட் தரையில் உட்காருகிறார்கள். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே வருடத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இத்தனை பேரையும் நடத்தை கெட்டவர்கள் என்று சொல்ல யாருக்காவது மனசு வருமா?

முதலில் வயதைப் பாருங்கள்

9 முதல் 14 வயதுதான் சரியான காலம். கிருமி ஒட்டிய பிறகு போட்டால் அந்த வகையை இந்த ஊசி விரட்டாது. வருமுன் காப்பது மட்டும்தான் இதன் வேலை. நாற்றங்காலிலேயே விதை நேர்த்தி செய்கிற மாதிரி. அதோடு, சின்ன வயதில் போட்டால் உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் கூடுதலாக உண்டாகும். வயதுக்கு வந்த பிறகுதான் போட வேண்டும் என்பது இல்லை. வருவதற்கு முன்னாலும் போடலாம்.

15 வயது நிரம்புவதற்குள் முதல் ஊசி போட்டுவிட்டால் மொத்தம் இரண்டு ஊசி. முதல் ஊசிக்கு 6 மாதம் கழித்து இரண்டாவது. 15 வயதுக்கு மேல் ஆரம்பித்தால் மூன்று ஊசி: இன்று ஒன்று, 2 மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து 6 மாதம் கழித்து ஒன்று. எச்.ஐ.வி. இருக்கிற பிள்ளை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடுகிற பிள்ளை என்றால் வயது எதுவானாலும் மூன்றுதான் நல்லது, டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் 12 வயதுப் பிள்ளைக்கு டவுனில் ஒரு கிளினிக்கில் மூன்று ஊசிக்கும் சேர்த்து முன்பணம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா கொத்து வேலைக்குப் போகிறவர், தோட்டை அடகு வைக்கக் கையில் எடுத்துவிட்டார். நான் கூடப் போய், "12 வயசுக்கு ரெண்டு போதுமே டாக்டர்" என்றேன். ஒத்துக்கொண்டார்கள். கேட்காமல் இருந்திருந்தால் ஒரு ஊசிக் காசு வீண்.

"ஒரே ஊசி போதும்னு சொல்றாங்களே?" என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் பொய் இல்லை. 9 முதல் 20 வயது வரை ஒன்றோ இரண்டோ போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது. அதற்கு ஆதாரமான ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டில் நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். 2009-இல் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு ஊசி, மூன்று ஊசி என்று பிரித்துப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். கீழே நான் சொல்லப் போகிற ஆந்திரா, குஜராத் விவகாரத்தால் 2010-இல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். அவர்களையும் விட்டுவிடாமல் 10 வருடம் தொடர்ந்து பார்த்ததில், 16, 18 வகைக் கிருமி உடம்பில் தங்குவதை அந்த ஒரு ஊசியே 95 சதவீதம் தடுத்திருந்தது. அதனால் அரசு முகாமில் ஒரே ஊசி என்று சொன்னால் குறை வைத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், போட்டுக்கொள்ளுங்கள். தனியாரிடம் காசு கொடுத்துப் போடுகிறவர்கள் டாக்டர் சொல்கிறபடி இரண்டையும் முடித்துவிடுங்கள்.

15 தாண்டிவிட்டது, 20 ஆகிவிட்டது என்று கைவிட வேண்டாம். 26 வயது வரை போடலாம். கல்யாணத்துக்கு முன்னால் முடித்தால் உத்தமம். ஆன பிறகும் பலன் இருக்கிறது, அவ்வளவு இருக்காது. ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பு ஆகியவற்றில் புற்று வருவதற்கும் இந்தக் கிருமி காரணமாகிறது. கையில் இருக்கிற காசு ஒருவருக்குத்தான் வரும் என்றால் முதலில் பெண்ணுக்குப் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எங்கே போடுவது, காசுக்கு என்ன செய்வது

முதலில் உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேளுங்கள். 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசியைப் போட 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். உங்கள் மகளின் வயதுக்கும் பள்ளிக்கும் எப்போது முறை வருகிறது என்பதை அந்தச் செவிலியர் சொல்வார். அவரைப் பிடிக்க முடியாவிட்டால் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். பள்ளியிலிருந்து ஒப்புதல் தாள் வந்தால் புத்தகப் பையிலேயே கிடந்து கசங்க விடாதீர்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் முகாமுக்கு முன்னாலேயே போய்க் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அரசு முறை வர நாளாகும் என்றால் தனியார் குழந்தை மருத்துவர், மகப்பேறு மருத்துவரிடம் கிடைக்கும். செர்வாவாக் என்பது புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் நம் நாட்டு ஊசி. 6, 11, 16, 18 என்ற நான்கு வகையைத் தடுக்கும். 2023-இல் வந்த புதிதில் தனியாரிடம் ஒரு ஊசிக்குச் சுமார் 2,000 ரூபாய் ஆனது. கார்டசில் 9 என்பது ஒன்பது வகையைத் தடுக்கும், விலையும் அதைவிடப் பல மடங்கு. வசதி இருப்பவர்கள் அதைப் போடலாம். இல்லாதவர்கள் அதற்காகக் காத்திருந்து மகளின் வயதைத் தாண்ட விடக்கூடாது. ஆளைக் கொல்கிற 16-ம் 18-ம் இரண்டு ஊசியிலுமே இருக்கின்றன.

காசைப் பற்றி ஒரு யோசனை. என் தம்பி மகளுக்குப் போன வருடம் வைகாசியில் மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். தாய்மாமன் சீர் 21 தட்டு வந்தது. பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பூவன் பழத்தார், பெரிய பித்தளைக் குடம். நான் முன்கூட்டியே அந்த மாமனிடம் பேசியிருந்தேன். "தம்பி, ஒரு தட்டுல வெத்தலை பாக்கோட ஊசிக் காசையும் வையுங்க. கொலுசு ரெண்டு வருஷத்துல காலுக்குப் பத்தாது. இது அவ கிழவி ஆகுற வரைக்கும் கூட வரும்." கொஞ்சம் யோசித்தார். மஞ்சள் தடவிய கவரில் 4,000 ரூபாய் வைத்துக் கொண்டுவந்தார். சபையில் அது என்ன கவர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவரே விளக்கம் சொன்னார். அதைக் கேட்டு இரண்டு வீட்டில் போட்டிருக்கிறார்கள். சீர் வராத வீடுகளில் மகளிர் குழுச் சேமிப்பிலிருந்து எடுக்கலாம். குறுவை அறுத்த கையோடு ஒதுக்கி வைக்கலாம்.

பயமும் அதற்குப் பதிலும்

"ஊசி போட்டா நாளைக்குப் புள்ளை தங்காதாமே" என்பதுதான் எல்லாரையும் பிடித்து ஆட்டுகிற பயம். 2006-இலிருந்து உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போட்டாகிவிட்டது. குழந்தைப் பேறுக்கு இதனால் கெடுதல் என்று ஆராய்ச்சியில் எங்கும் தெரியவரவில்லை. மாறாக, கர்ப்பப்பை வாயில் புற்று வந்து கர்ப்பப்பையையே எடுக்க நேர்ந்தால் பிள்ளைப் பேறு போகும். இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் மேல் ஓடு மாதிரி செய்த வெறும் கூடுதான் இருக்கிறது. உமியை விதைத்தால் நெல் முளைக்குமா? அதே போல இந்த ஊசியால் நோய் வராது.

"ஆந்திராவுல புள்ளைங்க செத்துச்சாமே" என்று படித்தவர்கள் கேட்பார்கள். 2009-10-இல் அப்போதைய ஆந்திராவில் இருந்த கம்மத்திலும் குஜராத்தில் வதோதராவிலும் ஊசி போட்ட பிள்ளைகளில் 7 பேர் இறந்தது உண்மை. விசாரித்ததில் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்ற வேறு காரணங்கள் தெரிந்தன, ஊசியால் இறந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பெற்றோரிடம் முறையாக ஒப்புதல் வாங்காமல் போட்டதும் அதே விசாரணையில்தான் வெளியே வந்தது. அது பெரிய தப்பு. ஒப்புதல் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று மேலே நான் சொன்னது இதை மனதில் வைத்துத்தான்.

பலனைப் பற்றிக் கேட்டால் ஸ்காட்லாந்தைச் சொல்வேன். அங்கே 2008-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பப்பை வாயில் ஊடுருவிய புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் ஆய்வு வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு அத்தை நினைப்புதான்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். 10 வயதுப் பிள்ளைக்கு, "பெரியவளான பிறகு கர்ப்பப்பையில கேன்சர் வராம இருக்கப் போடுற ஊசி" என்று சொன்னால் போதும். மஞ்சள் காமாலைக்குப் போட்டோமே, அதுபோல. 14 வயதுப் பிள்ளை கூடக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், மழுப்பாதீர்கள்.

போடுகிற அன்று

வெறும் வயிற்றில் கூட்டிப்போகாதீர்கள். ஆடி வெள்ளி விரதம் என்று பட்டினியாக வந்த பிள்ளைகள் ஊசி போட்டதும் மயங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இட்லி சாப்பிட வையுங்கள், தண்ணீர் குடிக்க வையுங்கள். தோளில்தான் போடுவார்கள், அதனால் இறுக்கமான கை வைத்த உடுப்பு வேண்டாம். தீட்டு நாளாக இருந்தாலும் போடலாம். கடுமையான காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள், சாதாரண சளிக்குத் தள்ள வேண்டியதில்லை. முன்பு ஏதாவது ஊசியில் உடம்பு தடித்து மூச்சு முட்டியிருந்தால் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். ஈஸ்ட் ஒவ்வாமை இருந்தாலும் அப்படித்தான். கர்ப்பமாக இருப்பவர்களுக்குப் போடுவதில்லை, பிரசவத்துக்குப் பிறகு போடலாம்.

மருந்துக் குப்பியைக் கையில் வாங்கிப் பெயரும் காலாவதித் தேதியும் பாருங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டிய மருந்து இது. உறையவும் கூடாது, வெயிலில் சுடவும் கூடாது. கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து ஊரில் போட்டுக்கொள்கிற வேலை வேண்டாம். பிரிட்ஜ் இருக்கிற இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

என் தம்பி மகளுக்கு ஆடிப்பெருக்குக்கு மறுநாள் போட்டோம். முதல் நாள் வைத்த மருதாணி விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. நர்ஸ் குப்பியைக் குலுக்கியதும் அடியில் படிந்திருந்த வெள்ளை கலந்து இளநீர் வழுக்கையைக் கரைத்த மாதிரி மங்கலாக வந்தது. அரை மில்லிதான். அவள் என் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். "ஆச்சு" என்று நர்ஸ் சொன்ன பிறகும் திறக்கவில்லை. "அத்தை, இன்னும் போடலையா?" என்றாள். 15 நிமிடம் அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்தோம். எல்லாரும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மயக்கம் வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும். அன்று இரவு தோள் வலித்தது, லேசாகச் சூடு இருந்தது. ஈரத்துணி போட்டோம். மறுநாள் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

இரண்டாவது ஊசியை மறப்பதுதான் ஊரில் நடக்கிற பெரிய தப்பு. தேதியை மனதில் வைக்காதீர்கள், பண்டிகையோடு முடிச்சுப் போடுங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி ஒன்று போட்டால் தைப்பூசத்தை ஒட்டி அடுத்தது. மேட்டூர் திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டிப் போட்டால் டிசம்பரில் அடுத்தது. 5 மாதத்துக்குக் குறைந்து போட்டுவிடக் கூடாது. தள்ளிப்போனால் பாதகமில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்டதைப் போட்டால் போதும். ஊசி அட்டையை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். கல்யாணமாகிப் போகும்போது நகைப் பெட்டியோடு அதையும் கொடுத்து அனுப்புங்கள்.

அதே பயணத்தில் அம்மாவுக்கு

மகளுக்கு ஊசி போட்டுவிட்டு அம்மா அப்படியே திரும்பி வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. 30 வயது தாண்டிய அம்மாக்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இலவசம். செவிலியர் திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, வினிகர் மாதிரியான நீர்த்த அமிலத்தைப் பஞ்சில் தொட்டு கர்ப்பப்பை வாயில் வைப்பார். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கெட்ட செல் இருந்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும். கொஞ்சம் குளிர்ச்சியாக, லேசான எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் இந்த எளிய சோதனையைச் செய்து பார்த்ததில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் சாவது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் ஆய்வு வந்திருக்கிறது.

வெளுத்திருக்கிறது என்று சொன்னால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேல் சோதனைக்கு அனுப்புவார்கள். புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையில் இருந்தால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ சுட்டோ சரிசெய்துவிடலாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. பெரிய சிகிச்சை தேவைப்பட்டாலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்ட மகளும் 30 வயதுக்குப் பிறகு இந்தச் சோதனைக்கு வரத்தான் வேண்டும். ஊசி எல்லா வகையையும் தடுப்பதில்லை.

தீட்டு நின்ற பிறகு உதிரம் பட்டால், கணவரோடு சேர்ந்த பிறகு பட்டால், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், அடிவயிறும் இடுப்பும் விடாமல் வலித்தால், அடுத்த புதன்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்காதீர்கள். யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தால் செவிலியரைத் தனியாகக் கூப்பிட்டு "கொல்லைப் பக்கம் வாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.

தம்பி மகளுக்கு இரண்டாவது ஊசியும் இந்தத் தையில் போட்டாகிவிட்டது. அன்றைக்கு அவள் அம்மாவையும் கையோடு கூட்டிப்போய்ச் சோதனை செய்தோம். வெளியே வந்தவர் புடவையைச் சரிசெய்துகொண்டு, "இதுக்கா அண்ணி இத்தனை வருஷம் பயந்தேன்" என்றார்.